செத்துப்போனது ஒரு இன்ஜினியர், மாமா

ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதிய ‘தி டெயின்டட் கப்’ என்ற ஆங்கில நாவலைப் பற்றி எழுதுகிறேன். 2024-ல் வெளிவந்து, 2025-ல் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருது வாங்கிய புத்தகம். மாயக்கதை என்கிறார்கள் சிலர், துப்பறியும் கதை என்கிறார்கள் சிலர். இரண்டும் சரிதான். ஆனால் மழைக்காலத்தில் ஏரிக்கரையில் ராக்காவல் இருந்த ஒருவன் படித்தால் அவனுக்கு இது வேறு மாதிரி தெரியும். அந்த ஆள் நான். பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, உதவிச் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். வேலை பார்த்ததில் பெரும்பகுதி செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிகளில்.

புத்தகம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எனக்கு மணிவிழா. வந்தவர்கள் வழக்கம்போல வெள்ளிக் குத்துவிளக்கு, வேட்டி, சால்வை, சாமி படம் போட்ட சுவர்க்கடிகாரம் என்று கொடுத்தார்கள். மருமகள் கலர் தாளில் சுற்றிய ஒன்றைக் கையில் கொடுத்தாள். பிரித்தால் ஆங்கில நாவல்.

“என்னம்மா இது, சாமி கதையா, பேய்க் கதையா?” என்றேன்.

“ரெண்டும் இல்ல மாமா, கொலைக் கதை. செத்துப்போனது ஒரு இன்ஜினியர். கண்டுபிடிக்கிறதும் கவர்ன்மென்ட் ஆளுங்கதான். பிடிக்கலைன்னா சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்.”

அவள் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவள் அலமாரி முழுக்க டிராகனும் வாளும் அட்டையில் போட்ட புத்தகங்கள்தான். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த துப்பறியும் கதையெல்லாம் பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல்தான். செங்கல்பட்டில் ஏறி உட்கார்ந்து பிரித்தால் திண்டிவனம் போவதற்குள் கொலையாளி பிடிபட்டுவிடுவான். இது நானூறு பக்கத்துக்கு மேல் போகிறது, எழுத்து வேறு பொடி. ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கதை நடப்பது கானும் என்ற கற்பனைப் பேரரசில். வட்டத்துக்குள் வட்டமாக மதில்கள் எழுப்பி உள்ளே வாழ்கிற நாடு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடலிலிருந்து மலை உயரத்துக்கு ராட்சத மிருகங்கள் கரையேற வரும். லெவியத்தான் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றின் ரத்தம் பட்ட இடத்தில் செடி, கொடி, மனிதர் எல்லாமே தாறுமாறாக மாறிப்போகும். அவற்றை வெளியே நிறுத்தி வைப்பது கடற்கரையில் கட்டிய பெரும் சுவரும் அதன்மேல் நிற்கும் பீரங்கிகளும். ஆக, அந்த நாட்டில் ராஜாவுக்கு அடுத்தபடி முக்கியமான ஆள் தளபதி இல்லை, சுவரைப் பராமரிக்கிற பொறியாளர். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் சாவு டாரெடானா என்ற ஓரத்து ஊரில். ஹாசா என்ற பெரும் பணக்காரக் குடும்பத்தின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியிருந்த பொறியாளர் கமாண்டர் பிளாஸ் இறந்துபோயிருக்கிறார். உடம்பைப் பிளந்துகொண்டு உள்ளிருந்து மரம் கிளம்பிக் கூரையைத் துளைத்து நிற்கிறது. விசாரிக்க வருவது டினியோஸ் கோல், சுருக்கமாக டின். நீதித்துறையில் புதிதாகச் சேர்ந்த இளைஞன், உதவியாளன்தான். “உங்க ஆபீசர் வரலையா?” என்கிற மாதிரிதான் எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். மாளிகையை நிர்வகிக்கும் அம்மாள் முகத்தில் ‘இது யார் வீடு தெரியுமா’ என்ற கேள்வி எழுதி ஒட்டியிருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அளக்கச் சங்கிலியோடு போய் நின்ற இடங்களில் அந்த முகத்தை நானும் பார்த்திருக்கிறேன். டின் மரியாதை குறையாமல், குரலும் உயர்த்தாமல், கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே போகிறான். எழுத்தாளர் எந்த ஊர் அலுவலகத்தில் உட்கார்ந்து இதைக் கவனித்தாரோ தெரியாது. அவ்வளவு சரியாக இருக்கிறது.

அந்த உலகத்துச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாளிகையில் காற்றைக் குளிரவைக்க ஒருவகைக் காளானை வளர்க்கிறார்கள். தண்ணீரை உறிஞ்சிக் குளிர்ந்த காற்றை விடும். காசு உள்ளவர்களுக்கு மட்டும். மற்றபடி வீடுகளில் சுவர், கதவு எல்லாம் ஃபெர்ன் செடியிலிருந்து செய்த தாள். காரணம் இருக்கிறது. கடல் மிருகம் நடந்தால் தரை அதிரும். கல் வீடு என்றால் தலையில் விழும். தாள் வீடு விழுந்தால் எழுந்து தூசு தட்டிக்கொண்டு போகலாம். நிலநடுக்கப் பகுதிக்குக் கனமில்லாத கட்டடம் என்று நாங்கள் கல்லூரியில் படித்த பாடம்தான். மாயக்கதை எழுதுகிறவர் இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அலங்காரத்துக்கு எழுதியது என்று தாண்டிப் போய்விடாதீர்கள். காளானும் தாளும் பிறகு வழக்குக்குள் வந்து நிற்கும்.

டின்னுக்கு ஒரு வித்தை உண்டு. பார்த்ததையும் கேட்டதையும் மறக்க முடியாதபடி அவன் உடம்பையே மாற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு என்கிரேவர் என்று பெயர். ஆனால் உள்ளே போன நினைவை வெளியே எடுக்க வாசனை வேண்டும். கையோடு சின்னச் சின்னக் குப்பிகள் வைத்திருப்பான், ஒவ்வொன்றிலும் ஒரு மணம். ஒரு அறைக்குள் நுழையும்போது ஒரு குப்பியைத் திறந்து முகர்வான். திரும்பி வந்து மேலதிகாரி முன் உட்கார்ந்து அதே குப்பியை மறுபடி முகர்வான். கண்ணிமைகள் படபடவென்று துடிக்கும். அந்த அறையில் யார் என்ன சொன்னார்கள், எது எங்கே கிடந்தது என்பதெல்லாம் வரிசை பிசகாமல் வாயிலிருந்து வரும். படித்தபோது எனக்கு நனைந்த கோணி வாசனை ஞாபகம் வந்தது. அந்த வாசனை வந்தால் 2015 நவம்பரும் டிசம்பரும் முழுசாக வந்துவிடும். எந்தக் கரையில் எந்த வளைவில் மணல் மூட்டை அடுக்கினோம், சவுக்குக் கட்டையை யார் தோளில் தூக்கி வந்தார்கள் என்பது வரைக்கும்.

அவனுடைய மேலதிகாரி அனா டொலாப்ரா. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிற வெள்ளை முடிக்காரி. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணைத் திறந்தால் உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுகிறது என்று கட்டி வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. எதிரில் இருப்பவர் கமாண்டரா, சீமாட்டியா என்று பார்ப்பதில்லை. ஆனால் வேலை என்று வந்தால் அப்படி ஒரு பிடிவாதம். டின் ஒப்பித்ததை மட்டும் கேட்டுவிட்டு, பிளாஸை எப்படிக் கொன்றார்கள் என்று இருந்த இடத்திலிருந்தே பிரித்து வைக்கிறார். நாற்காலியை விட்டு நகராத துப்பறிவாளர், ஓடியாடி அலையும் உதவியாள் என்பது இந்த வகைக் கதையில் பழைய அமைப்பு. பென்னட் செய்த புதுமை, அந்த இரண்டு பேருக்கும் சம்பளமும் பதவியும் இடமாறுதல் பயமும் கொடுத்தது. அனாவை அந்த ஓரத்து ஊருக்கு ஏன் தள்ளினார்கள் என்பது தனிக் கதை. டின் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவன். வேலை போய்விடுமோ என்ற கவலை கொலையாளியைப் பற்றிய கவலைக்குக் குறையாமல் அவனை அரிக்கிறது. அவன் ஒளித்து வைத்திருக்கும் ஒரு விஷயமும் உண்டு. அதைச் சொல்ல மாட்டேன்.

பிறகு தாலாகிரே என்ற ஊரில், சுவரில் வேலை பார்க்கும் பத்துப் பொறியாளர்கள் இதே மாதிரி, உடம்பில் மரம் முளைத்துச் சாகிறார்கள். அந்தச் சாவுகளோடு கடற்சுவரில் உடைப்பு விழுகிறது. மழைக்காலம் இன்னும் முடியவில்லை. அடுத்த மிருகம் வருவதற்குள் உடைப்பை அடைக்க வேண்டும். ஒரு பக்கம் அனாவும் டின்னும் கொலையாளியைத் தேடுகிறார்கள், இன்னொரு பக்கம் ராத்திரி பகலாகச் சுவர் கட்டுகிறார்கள். வழியெல்லாம் வண்டியும் பீரங்கியும் ஊரைக் காலி செய்து போகிற ஜனமும்.

இங்கேதான் எனக்குக் கை வியர்த்தது. துப்பாக்கி, துரத்தல் எல்லாம் எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. உடைப்பு என்ற சொல் செய்யும். ஏரிக்கரையில் வெளிப்பக்கம் கசிவு இருந்தால் முதலில் பார்ப்பது தண்ணீரின் நிறம்தான். தெளிவாக வந்தால் பயமில்லை, கவனித்துக்கொண்டு இருக்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண்ணையும் சேர்த்து எடுத்து வருகிறது என்று அர்த்தம். ஒரு நண்டு வளை போதும். விரல் நுழைகிற ஓட்டை விடிவதற்குள் ஆள் நுழைகிற ஓட்டையாகும், அப்புறம் கரை இருக்காது. அதனால்தான் நள்ளிரவில் டார்ச் அடித்துக் கசிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்போம். மதகையும் கரையையும் பார்த்துக்கொள்கிற எங்கள் கடைநிலை ஊழியர், லஸ்கர் ஒருவர், வாயில் வைத்தே சொல்லிவிடுவார், மண் வருதா இல்லையா என்று. நாவலில் அப்படி ஒரு ஆள் இல்லை. ஆனால் சுவரடியில் நிற்கிறவர்கள் கடலைப் பார்க்கிற பார்வையை இவர் எழுதியிருக்கும் விதத்தில், அந்த லஸ்கரை வைத்துத்தான் நான் எல்லாப் பாத்திரத்துக்கும் முகம் கொடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்திலும் ஒரு மாயக்கதை உண்டு, கரையைப் பற்றியதுதான். மதுராந்தகம் கோயிலில் ராமருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, மழை கொட்டும் ராத்திரியில் கரை நிற்குமா என்று பார்க்கப் போனாராம். அங்கே வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டாராம். கரை உடையவில்லை. துரை தாயாருக்குச் சன்னிதி கட்டிக் கொடுத்தார் என்கிறது கதை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும், அந்தச் சாமியும் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு ராத்திரி கூடையில் மண் சுமந்தவர்கள் யாராவது இருந்திருப்பார்களே, அவர்களைப் பற்றிக் கதை வாயைத் திறப்பதில்லை என்பது என் மனக்குறை. இந்த நாவல் முழுக்க அவர்களைப் பற்றியது. சாமி வரவில்லை, வீரன் வரவில்லை. ஒருவர் கணக்குப் போடுகிறார், ஒருவர் பீரங்கியைத் துடைக்கிறார், ஒருவர் அறிக்கை எழுதுகிறார்.

அதற்காக அரசாங்க ஊழியருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். கதைக்குப் பின்னால் ஒரு பழைய அழிவு இருக்கிறது. ஒரு மாகாணமே இல்லாமல் போயிருக்கிறது. அது ஏன் போனது, தடுத்திருக்க முடியுமா என்ற கேள்வி கடைசிப் பகுதியில் வருகிறது. அந்தப் பதிலில் வாளும் கிடையாது, மிருகமும் கிடையாது, நகராத காகிதம் இருக்கிறது. ‘கூடுதல் விபரம் கோரித் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்ற வரியை ஆயுசு முழுக்கப் படித்தவன் நான். சில தடவை நானே எழுதியுமிருக்கிறேன். அந்தப் பக்கங்களைப் படித்த ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நடந்தேன். மரம் முளைத்த பிணத்தைவிட அதுதான் பயமாக இருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலில் பெயர்கள். செத்த பத்துப் பேருக்கும் பெயர் உண்டு, அவர்களோடு பழகியவர்களுக்கும் பெயர் உண்டு, எல்லாம் ஒரே ஓசை. அதோடு பதவிப் பெயர்கள் தனி. சிக்னம் என்றால் யார், இம்யூனிஸ் என்றால் யார் என்று ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொண்டேன். அகராதி உதவாது, பாதிச் சொல் அவரே உண்டாக்கியது. நடுவில், தாலாகிரேயில் ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்து விசாரிக்கும் பகுதி இழுவை. அங்கே ஒரு ஐம்பது பக்கத்தைக் கத்தரித்திருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. டின்னுக்கும் ஸ்ட்ரோவி என்ற படைக் கேப்டனுக்கும் இடையே ஒரு நேசம் துளிர்க்கிறது. இருவரும் ஆண்கள், அந்த உலகத்தில் அது ஒரு செய்தியே இல்லை. நன்றாகத் தொடங்கியதை அவசரமாக முடித்துவிட்டார். முடிவில் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி அனா விளக்கம் சொல்லும் கட்டம் நீளம்தான். ஆனால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டத்துக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? முடிச்சுகளை அவிழ்க்கும்போது ஏமாற்று வேலை இல்லை. அவர் சொல்லும் தடயம் ஒவ்வொன்றும் முன்னாலேயே நம் கண்ணில் பட்டதுதான். திருப்பிப் போய்ப் பார்த்தேன், இருக்கிறது.

லெவியத்தான் எப்போது வரும் என்று காத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம் வரலாம். மிருகம் பெரும்பாலும் தூரத்து இடிமுழக்கமாகவும் தரையின் அதிர்வாகவும்தான் இருக்கிறது. மருமகளுக்கு அதில் வருத்தம். “இன்னும் ரெண்டு சீன் குடுத்திருக்கலாம் மாமா” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளத்தை நேரில் பார்க்கிற நேரத்தில் நாம் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. பயமெல்லாம் அதற்கு முந்திய ராத்திரிகளில்தான்.

என் மனைவிக்கு ஆங்கில நாவல் படிக்கும் பழக்கம் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைக்குப் படித்ததை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாரப் பத்திரிகைத் தொடர்களில் பழகிய மூளை அவளுடையது. பிளாஸ் செத்த அன்றே, “பெரிய வீட்டுல விருந்தாளி செத்தா, வேலைக்காரங்களத் தனித்தனியா கூப்பிட்டுக் கேக்கணும். சேத்து வெச்சுக் கேட்டா ஒண்ணும் வராது” என்றாள். டின் அதைத்தான் செய்கிறான். பாதிக் கதையில் ஒரு ஆள் பெயரைச் சொல்லி, “இவன் மேல எனக்கு நம்பிக்கை இல்ல” என்றாள். அவள் சொன்னது சரியா தப்பா என்பதைச் சொன்னால் உங்களுக்குக் கதை கெட்டுவிடும். ஆனால் கடைசி இரண்டு நாள் சீரியலை நிறுத்திவிட்டு என்னைப் படிக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

யாருக்கு வாங்கிக் கொடுக்கலாம்? செய்தித்தாள் ஆங்கிலம் தடையில்லாமல் வருகிறவர்கள் படித்துவிடலாம், வாக்கியங்கள் சின்னவை. முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பிணங்களின் வருணனை குமட்டும், அனாவின் வாயும் அப்படி. மாயக்கதை என்றாலே மந்திரவாதியும் சிம்மாசனமும்தான் என்று ஒதுக்கி வைத்தவர்கள் இதைத் தொட்டுப் பார்க்கலாம். நீர்வளத் துறையிலோ மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ மழைக்காலத்தில் தூக்கம் கெட்டவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், யோசிக்காமல் வாங்கிக் கொடுங்கள்.

இரண்டாம் பாகம் 2025-ல் வந்துவிட்டது. ‘எ டிராப் ஆஃப் கரப்ஷன்’ என்று பெயர். அதே அனா, அதே டின், ஊர் மட்டும் வேறு. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு அதிகாரி காணாமல் போகிறாராம். இந்தத் தடவை பொறியாளர் இல்லை, கருவூலத் துறை ஆள். என் சகலை கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், கதை கிதை என்றால் தூரம் போய்விடுவார். அவருக்கு வருகிற தை மாதம் மணிவிழா. மருமகளிடம் இரண்டு பிரதி ஆர்டர் போடச் சொல்லியிருக்கிறேன்.